விலை சொல்கிறவள்

என் கணவர் இறந்த பிறகு பட்டறைக்கு வந்த முதல் ஆள் திட்டக்குடிக்காரர். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். தன் காரின் கூரைமேல் குழாயும் ஸ்பீக்கர் பெட்டியும் சாயாமல் நிற்கும்படி ஒரு கேரியர் வேண்டும், கடையில் விற்கிறது எதுவும் ஒத்துவரவில்லை என்றார். நான் டேப்பை வைத்து அளந்தேன். உள்ளே போய்க் கூட்டிப் பார்த்தேன். வெளியே வந்து விலையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், எனக்குப் பின்னால் இருந்த ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே கட்டிங் மெஷினும் காஸ் சிலிண்டரும்தான் இருந்தன. வெல்டர் அன்று லீவு. திட்டக்குடிக்காரரும் நான் பார்த்த பக்கம் பார்த்தார். யாரோ வந்து ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தார் போல, கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

“உள்ள யாருனா இருக்காங்களா?” என்று கேட்டார்.

யாரும் இல்லை, நான்தான் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார். வரவில்லை. அந்த விலையில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். விலையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவளிடம் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பட்டறை பீங்கான் தொழிற்பேட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. முன்னால் ஷெட், பின்னால் வீடு. வண்டிக் கம்பெனிகள் செய்து தராத எதையும் என் கணவர் செய்து தருவார். ஆம்னி மாதிரி வேனை டிபன் கடையாக்குவது, லோடு ஆட்டோவுக்குக் கூண்டு கட்டுவது, கார் டிக்கியில் காஸ் அடுப்பு வெளியே இழுத்துக்கொள்ளும்படி தட்டு வைப்பது. வருகிறவர்களின் மனசில் ஒரு உருவம் இருக்கும். கையால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். காற்றில் வரைந்த அந்தப் பொருளுக்கு அப்போதே ஒரு விலை சொல்லியாக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் நான் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட்டில் வேலை செய்தேன். சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளில் விரிசல் விட்டதைப் பொறுக்கித் தள்ளுவது என் வேலை. அங்கே விலை என்பது ஒரு பேச்சே இல்லை. எல்லாம் ஒரே அச்சில் வந்தவை, நூற்றுக்கு இவ்வளவு என்று ஒருமுறை பேசினால் வருஷம் ஓடிவிடும். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத பொருளுக்கு விலை சொல்ல இந்த வீட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஏற்பாடு இப்படி. அவர் வண்டியைச் சுற்றி வருவார், கீழே குனிந்து பார்ப்பார், கதவைத் திறந்து மூடுவார். பிறகு உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, இரும்பு இவ்வளவு, ஷீட் இவ்வளவு, நாள் இவ்வளவு என்று மெதுவாகச் சொல்வார். நான் கரண்டையும் வெல்டிங் ராடையும் கூலியையும் சேர்ப்பேன். கடைசியாக ஒரு தொகையைச் சேர்ப்பேன். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘தெரியாதது’. எந்த வேலையிலும் பாதியில் ஏதோ ஒன்று கிளம்பும், துருப்பிடித்த அடிப்பலகையோ, எங்கேயோ ஓடும் ஒயரோ. அதற்காக.

வெளியே போய் விலையைச் சொல்வது நான். பேரம் பேசினால், “அவரு ஒத்துக்க மாட்டாருங்க” என்பேன். அவரிடம் போனால், “அவங்க சொன்னா சொன்னதுதான்” என்பார். பேரம் முற்றும்போது நான் ஷெட் பக்கம் திரும்புவேன். அவர் முகமூடியை மேலே தூக்கினால் குறைக்கலாம் என்று அர்த்தம். தூக்காமல் பற்றவைத்துக்கொண்டே இருந்தால் கூடாது. இதை வெல்டர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரிப்போம். எங்களுக்குள் காதல் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. இதுதான் இருந்தது.

ஒரு ஐப்பசி மாதம் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், பட்டறையை விற்றுவிட்டு என்னோடு வா என்றான். ஷெட்டில் பாதி வேலையில் ஒரு வண்டி நின்றிருந்தது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். பிறகு இன்னொன்று வந்தது.

வெல்டருக்கு நல்ல கை. என் கணவரை அண்ணே என்று கூப்பிட்டவர், அதனால் நான் அண்ணி. ஆனால் எந்த வேலையைக் காட்டி எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாலும், “நாலு நாள்ல முடிச்சிடலாம் அண்ணி” என்பார். முதலில் அதை நம்பி ஒரு டிபன் வேனுக்கு விலை சொன்னேன். வேலை இழுத்துக்கொண்டே போய், கையில் ஒன்றும் நிற்கவில்லை. பயந்துபோய் அடுத்து வந்தவருக்கு மூன்று மடங்கு நாள் கணக்கிட்டேன். அவர் சிரித்துவிட்டு, பெண்ணாடம் ரோட்டில் இருக்கும் பட்டறைக்குப் போய்விட்டார். கூட்டல் கழித்தல் எனக்குத் தெரியும். கூட்ட வேண்டியதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆறு மணிக்கு வெல்டர் கிளம்பிவிடுவார். ஷட்டரை இறக்கினால் அதற்குமேல் பேச்சு கிடையாது. டிவியை ஓடவிடுவேன், பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனிடமிருந்து போன் வரும்வரை வாயே திறந்திருக்கமாட்டேன். போனை எடுத்து ஹலோ என்றால் குரல் கரகரவென்று வரும். ஏன் ஜலதோஷமா என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

டீச்சர் வந்தது அந்தக் காலத்தில்தான்.

பழைய வெள்ளை வேன் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து ஷெட் முன்னால் நிறுத்தினார். ரிவர்ஸ் எடுத்த விதத்திலேயே புதிதாக ஓட்டக் கற்றவர் என்று தெரிந்தது. ஒல்லியான, நெட்டையான அம்மா. நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருந்தார். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று பிறகு தெரிந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் பக்கத்துத் தெருவில் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறார்.

“எனக்கு ஒரு படுக்கை வேணும்,” என்றார். “ஒரு அடுப்பு. தண்ணி. உள்ளாற பூட்டிக்கிற மாதிரி கதவு. சீட்டெல்லாம் எடுத்துடுங்க, முன்னாடி ரெண்டு போதும்.”

வெல்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எதற்கு என்று கேட்டார். ஊர் சுற்ற என்றார் டீச்சர். யாரோடு என்று கேட்டதற்கு, தனியாக என்றார்.

விலை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அப்படி நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் தொழிலில் நாளைக்கு என்றால் ஆள் வேறு இடம் தேடிப் போய்விடுவார். டீச்சர் சரியென்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனார்.

அன்று மத்தியானமே அவர் தம்பி வந்தார். கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். நெற்றி நிறைய விபூதி, மடித்த குடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். அக்கா பிடிவாதக்காரி, சொன்னால் கேட்கமாட்டார். இந்த வயதில் ஒரு பெண் தனியாக ஊர் ஊராகப் போய் ரோட்டோரம் வண்டியில் படுத்துக்கொண்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் சொன்னார்.

“நீங்க முடியாதுன்னு சொல்ல வேணாம்மா,” என்றார். “விலைய ரெண்டு மடங்கா சொல்லுங்க. அக்காவே விட்டுடுவாங்க.”

சரியான ஆளிடம்தான் வந்திருந்தார். நானும் என் கணவரும் செய்யப் பிடிக்காத வேலைகளை அப்படித்தான் தட்டிக்கழிப்போம். முடியாது என்றால் மனஸ்தாபம். பெரிய விலையாகச் சொன்னால் அவர்களே போய்விடுவார்கள். நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பட்டறைக்காரிதான் வண்டி கட்டிக் கொடுத்தாள் என்று பேச்சு வரும். இரண்டு மடங்கு சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்தேன். ஆனால் இரண்டு மடங்கு சொல்வதற்கும் முதலில் ஒரு மடங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். வெல்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினேன்.

நீளம் அளந்தேன். டீச்சர் என்னைவிட உயரம். காலை நீட்டினால் இடம் போதுமா என்று தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறும் தகரத் தரையில் படுத்துப் பார்த்தேன். வெயிலில் நின்ற வண்டி, தரை சுட்டது. கையை நீட்டினால் இரண்டு பக்கமும் சுவர் எட்டியது. அப்படியே படுத்திருந்தேன். வீட்டில் கட்டிலில் நான் படுப்பது ஒரு ஓரம். மறுபாதியில் மடித்த துணிகளைப் போட்டு வைத்திருந்தேன், வெறுமையாகத் தெரியக்கூடாது என்று. இந்த வேனில் அந்த மாதிரி மறுபாதி எதுவும் இல்லை. இருக்கிற இடம் ஒரு ஆளுக்குச் சரியாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்து, இங்கே தலைமாடு, இங்கே அடுப்பு, இங்கே தண்ணீர் கேன் என்று சாக்பீஸால் கோடு போட்டேன். வண்டியின் உடம்பில் எதையும் பற்றவைக்காமல், எல்லாவற்றையும் போல்ட்டு போட்டு மாட்டிக் கழற்றும்படி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் இடிக்கும் என்பது என் கணவரிடம் கேட்ட பாடம். ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு பைப்பு, எவ்வளவு பிளைவுட், செய்ய எத்தனை நாள் என்று நானே நினைத்துப் பார்த்தேன். அவர் எப்படிச் சுற்றி வருவாரோ அப்படிச் சுற்றி வந்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். ஒரு இடத்தில் துரு இருந்தது.

மறுநாள் டீச்சர் வந்தபோது சரியான விலையைச் சொன்னேன். எண்பத்தைந்தாயிரம். தம்பியின் பேச்சைக் கேட்கவேண்டாம் என்று தீர்மானம் எதுவும் செய்துகொண்டு சொல்லவில்லை. அத்தனை நேரம் உள்ளே படுத்துக் கோடு போட்ட பிறகு வேறு விலை வாயில் வரவில்லை. கூடவே, மடக்கி வைத்துக்கொள்கிற மாதிரி இரண்டாவது படுக்கை ஒன்றும் போடலாம், அதற்குத் தனியாக இவ்வளவு ஆகும் என்றேன்.

“ரெண்டாவது யாருக்கு?” என்றார்.

“யாராச்சும் கூட வந்தா.”

“யாரும் வர மாட்டாங்க. ஒண்ணு போதும்.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சோற்றுக்கு மேலே இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டால் போதும் என்கிற மாதிரி சொன்னார். எனக்கு முகம் சுட்டது. இரண்டாவது படுக்கையை யாரை நினைத்து அளந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எண்பத்தைந்தாயிரத்தை அவர் குறைக்கச் சொல்லவே இல்லை. சரி என்றார். பேரம் பேசுவார்கள் என்று ஒட்டவைத்த தொகை அதில் கொஞ்சம் இருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல், நாமே குறைத்துச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்றாகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு அந்தத் தொகைக்கு ஜன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை அடித்தேன். கதவுக்கு உள்பக்கம் நல்ல கனமான தாழ்ப்பாள் ஒன்றைக் கடைகடையாக ஏறித் தேடி வாங்கினேன். விலையில் இதெல்லாம் உண்டா என்று வெல்டர் கேட்டார். உண்டு என்றேன்.

வேலை நடந்த நாட்களில் டீச்சர் அடிக்கடி வந்தார். வரும்போது ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதமோ அடையோ கொண்டு வருவார். ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பற்றவைக்கும் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துக்கொண்டு எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறார். எந்த ஊரையும் பார்த்ததில்லை. ஏதோ ஒரு ஸ்கூலில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் படுக்கை. பிள்ளைகள் தூங்கின பிறகு வாசலில் நாற்காலி போட்டு விடியும்வரை இவர் காவல். ஆனால் தெரியாத ஊரில் விடியற்காலையில் கண் திறந்து, இது எந்த ஊர் என்று ஒரு நிமிஷம் புரியாமல் இருக்கும் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். ரிட்டயர் ஆன பிறகு அது இல்லாமல் போய்விட்டது. மாடியறையில் கண் திறந்தால் அதே மாடியறை.

தனியாக இருக்கப் பயமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நான் எப்போது தனியாக இருந்தேன், இனிமேல்தான் இருக்கப்போகிறேன் என்றார். என்னிடம் வேண்டாமலேயே வந்து கிடந்த ஒன்றை அவர் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார் என்று தோன்றியது. ரெண்டு டீ சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை முடியும் சமயத்தில், பின்கதவைத் திறந்தால் சுற்றி மறைத்துக்கொண்டு குளிக்கும்படி கம்பியும் திரையும் வேண்டும் என்றார். விலையில் பேசாதது. எவ்வளவு ஆகும் என்று கேட்டார். கதவின் அகலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. உள்ளே போய்க் கூட்டவில்லை. ஷெட் பக்கம் திரும்பவும் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாசலில் என் கணவருடைய முகமூடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, வெல்டர் அதைத்தான் போட்டுக்கொள்கிறார். அவர் இல்லாமல் இருக்க நான் பழகிவிட்டேன், எப்போது என்றுகூடக் கவனிக்காமல். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காரியத்துக்கு வந்த கூட்டத்தில் அப்படி அழுததில்லை.

தை பிறந்து டீச்சர் கிளம்பினார். தம்பி வரவில்லை. நான் தேங்காய் உடைத்தேன், வெல்டர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசி நிமிஷம்வரை, நீங்களும் வாங்களேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நாலு நாள் பட்டறையை வெல்டர் பார்த்துக்கொள்வார் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்றார். பாலத்துப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஷெட்டில் வேன் நின்ற இடத்தில் தரை மட்டும் தூசியில்லாமல் இருந்தது. வெல்டர் துடைப்பத்தை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கினார்.

முதலில் போட்டோக்கள் வந்தன. ஏதோ ஒரு கடற்கரை, ஒரு மலை அடிவாரம், ஒரு பெட்ரோல் பங்க். எதிலும் அவர் இல்லை, வேன் மட்டும். பிறகு அதுவும் குறைந்தது. அவர் வண்டியைப் பார்த்துவிட்டு அதேபோல் வேண்டும் என்று இரண்டு பேர் வந்தார்கள். விலை சொன்னேன். ஒருவர் போய்விட்டார், ஒருவர் வேலை கொடுத்தார்.

பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம் வேன் வந்து நின்றது. டீச்சர் கறுத்துப் போயிருந்தார். படுக்கைக்கு அடியில் ஒரு கீல் உடைந்திருந்தது. வெல்டர் கிளம்பிவிட்டதால் நாளைக்குக் காலையில் பார்க்கலாம் என்றேன். வீட்டுக்குப் போய் வாருங்கள் என்றதற்கு, நாளைக்குத்தான் வருகிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். என் வீட்டுக்குள் வந்து படுக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

தோசை வார்த்துக் கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எந்தெந்த ஊரில் தண்ணீர் பிடித்தார், எங்கே போலீஸ்காரர் வந்து டார்ச் அடித்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஊரில் ஜுரம் வந்து இரண்டு நாள் கதவைத் திறக்காமல் படுத்திருந்ததையும் சொன்னார். யாருக்கும் போன் செய்யவில்லையா என்று கேட்டேன். செய்யவில்லை என்றார். உங்களுக்குப் போடலாம் என்று நம்பரை எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன் என்றார்.

“போட்டிருக்கலாமே டீச்சர்.”

“என்ன சொல்றதுன்னு தெரியல.”

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேனுக்குப் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் வீட்டுக் கதவைச் சாத்தினேன். கட்டிலின் மறுபாதியில் இருந்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஏன் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வெல்டர் வந்து கீலை மாற்றினார். சின்ன வேலை. எவ்வளவு என்றார் டீச்சர். இதற்கெல்லாம் என்ன காசு, போங்க என்றேன்.

“காசு வாங்கலன்னா மறுபடி நான் எப்படி வர்றது?” என்றார்.

பர்ஸைத் திறந்துகொண்டு உண்மையாகவே பதிலுக்காக நின்றார். வெல்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கீலின் விலையையும் கூலியையும் சேர்த்து ஒரு தொகையைச் சொன்னேன். எண்ணிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அடுத்து வடக்கே போகப்போவதாகவும், அதற்கு முன்னால் தண்ணீர் கேனைப் பெரிதாக்க வேண்டும் என்றும் சொன்னார். அளவு எடுத்து வைக்கிறேன் என்றேன்.

வேன் போனது. வெல்டர் மெஷினைப் போட்டார். ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஷெட் வாசலில் புதிதாக ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, தன் காரைப் பற்றி இரண்டு கையாலும் காற்றில் எதையோ வரைந்து காட்ட ஆரம்பித்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன்.